‘மனிதத் தவறு’ என்று எழுதுவதற்கு முன்

உங்கள் அறிவியல் செய்முறைக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஊசலின் அலைவு நேரம் கணக்கோடு ஒத்துவரவில்லை. மின்சுற்றில் விளக்கு எரியவில்லை. அமிலத்தை நடுநிலையாக்கும் சோதனையில் மூன்று முறைக்கு மூன்று விடை. ‘பிழைக்கான காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? பலருடைய ஏட்டில் இரண்டே சொற்கள்தான் இருக்கும்: மனிதத் தவறு.

இந்த இரண்டு சொற்களை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. மனிதர்கள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘மனிதத் தவறு’ என்று எழுதிய கணத்தில் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். எந்த மனிதர், எந்தக் கட்டத்தில், எதனால் என்ற கேள்விகள் எழாமலேயே போகின்றன.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு நாம் கொடுக்கும் விலை ஒன்றிரண்டு மதிப்பெண். வேறோர் இடத்தில் அதற்கு மனித உயிர்களே விலையாகின. 1960களில் வியட்னாம் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய எம்16 துப்பாக்கியின் கதை அது. துப்பாக்கியைப் புகழ்வதற்காக அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் போரில் மிகப் பெரும் எண்ணிக்கையில் மாண்டவர்கள் வியட்னாமியர்களே என்பதையும் மறக்க வேண்டாம். ஓர் இயந்திரம் பழுதாகும்போது காரணத்தை எப்படித் தேட வேண்டும், எப்படித் தேடக்கூடாது என்பதற்கு இவ்வளவு விரிவாகப் பதிவான எடுத்துக்காட்டு வேறு அதிகம் இல்லை.

தானே தோட்டா நிரப்பும் இயந்திரம்

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். ஒரு தோட்டா என்பது நான்கு பொருள்களின் தொகுப்பு. முன்னால் பறந்து செல்லும் குண்டு, அதற்குப் பின்னால் வெடிமருந்து, அதை மூட்டும் சிறிய தீமூட்டி, இம்மூன்றையும் தாங்கும் பித்தளை உறை. குழலின் பின்முனையில் தோட்டா போய் உட்காரும் இடத்துக்கு அறை என்று பெயர்.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும். எம்16ஐ இப்படி ஒவ்வொன்றாகவும் சுடலாம், தொடர்ச்சியாகவும் சுடலாம். இரண்டுக்கும் தோட்டா ஏறி இறங்கும் முறை ஒன்றுதான்.

அந்த ஏற்பாட்டுக்கான ஆற்றல் வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயுவிலிருந்தே கிடைக்கிறது. குழலின் நடுவழியில் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் ஒரு பகுதி அந்தத் துளை வழியே புகுந்து, மெல்லிய குழாய் ஒன்றில் பின்னோக்கி ஓடி, போல்ட் எனப்படும் அடைப்பைத் தாங்கும் பாகத்தைத் தள்ளுகிறது. போல்ட் திரும்பிப் பூட்டு விடுகிறது. போல்ட்டில் உள்ள கொக்கி, காலியான பித்தளை உறையை விளிம்பில் பிடித்து இழுத்து வெளியே எறிகிறது. பின்னால் அமுங்கிய சுருள்வில் விரிந்து போல்ட்டை மீண்டும் முன்னே தள்ளுகிறது. போகிற வழியில் அது தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் சேர்த்துப் பூட்டுகிறது.

நிமிடத்துக்கு 850 முறை என்ற வேகத்தில் இது நடந்தால் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 60ஐ 850ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 0.07 விநாடி, அதாவது 70 மில்லிவிநாடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு.

இதில் பித்தளை உறையின் வேலையைக் கவனியுங்கள். வெடிமருந்து எரியும்போது அறைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 3,500 மடங்கு உயர்கிறது. அந்த அழுத்தத்தில் உறை உப்பி, அறைச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவரின் முகத்தைத் தாக்காமல் அதுவே காக்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும், பித்தளையின் மீள்தன்மையால் உறை சற்றே சுருங்கிப் பிடி தளர்கிறது. அதன் பிறகு கொக்கி இழுத்தால் எளிதாக வந்துவிடும்.

ஆகவே இங்கே இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, உறை பிடி தளர்வதற்கு முன்பே கொக்கி இழுக்கத் தொடங்கக்கூடாது. மற்றது, அறைச் சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். சுவர் சொரசொரப்பானால் உராய்வு கூடும். வியட்னாமில் இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர உடைந்தன.

சேற்றில் சிக்கிய உறைகள்

இந்தத் துப்பாக்கியை 1950களின் இறுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனரும் அவருடைய குழுவினரும் வடிவமைத்தார்கள். 1959இல் தயாரிப்பு உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. எடை குறைவு, துல்லியம் அதிகம் என்று தொடக்கத்தில் நல்ல பெயர் வாங்கியது. 1965க்குப் பிறகு வியட்னாமில் அது பெருமளவில் படையினருக்கு வழங்கப்பட்டபோது புகார்கள் குவியத் தொடங்கின.

மிக மோசமான பழுது இதுதான். சுட்ட பிறகு காலி உறை அறையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கொக்கி அதை இழுக்கும்போது விளிம்பு பிய்ந்துவிடும், அல்லது கொக்கியின் பிடி நழுவிவிடும். போல்ட் தன்பாட்டுக்குப் பின்னே போய் அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும். அறையோ காலியாக இல்லை. புதிய தோட்டா உள்ளே போகாமல் முட்டி நிற்கும். படைவீரர் குழலின் முன்முனை வழியே ஒரு நீண்ட கம்பியை விட்டுக் குத்தி, ஒட்டிய உறையைப் பின்னால் தள்ள வேண்டும். எதிரே இருப்பவர் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டும்.

1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகே குன்றுகளில் நடந்த சண்டையில், புதிதாக இந்தத் துப்பாக்கியைப் பெற்ற மரைன் படைவீரர்கள் பலர் இந்தப் பழுதைச் சந்தித்தார்கள். மாண்டு கிடந்த சிலருடைய அருகே, பழுது பார்ப்பதற்காகப் பிரிக்கப்பட்ட துப்பாக்கிகள் கிடந்தன என்று ஒரு வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது.

எளிதில் கிடைத்த குற்றவாளி

இதற்கு முன்பே, 1966இன் பிற்பகுதியில், காரணத்தைக் கண்டறிய ஒரு குழு வியட்னாம் சென்றது. துப்பாக்கிகளைப் பார்த்தது. அவை அழுக்காக இருந்தன, துருப்பிடித்திருந்தன. வீரர்கள் சரியாகத் துடைத்துப் பராமரிக்கவில்லை என்பது முக்கிய முடிவுகளில் ஒன்றாக அமைந்தது. நம் மொழியில் சொன்னால், மனிதத் தவறு.

அது பொய் என்று சொல்ல முடியாது. துப்பாக்கிகள் அழுக்காகத்தான் இருந்தன. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? துடைப்பதற்கான கம்பி, தூரிகை, ஏற்ற எண்ணெய் ஆகியவை போதிய அளவில் வழங்கப்படவில்லை. எப்படித் துடைப்பது என்ற பயிற்சியும் பலருக்குக் கிடைக்கவில்லை. இந்தப் புதிய துப்பாக்கிக்கு அதிகப் பராமரிப்பு தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. துடைப்பான் கொடுக்காமல் தரையைத் துடைக்கவில்லையே என்று கடிந்துகொள்வதைப் போன்றது இது.

அதற்கும் அப்பால், ஒழுங்காகத் துடைக்கப்பட்ட துப்பாக்கிகளும் சிக்கின என்று வீரர்கள் சொன்னார்கள். இது மிக முக்கியமான தகவல். நீங்கள் சொல்லும் காரணம் இல்லாத இடத்திலும் பழுது இருக்கிறது என்றால், உங்கள் காரணம் போதாது. அறிவியலில் இதைவிட எளிய சோதனை கிடையாது.

எது மாறியது?

பழுது தேடும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நன்றாக ஓடிய காலத்துக்கும் பழுதான காலத்துக்கும் இடையில் எது மாறியது?

மாறியது வெடிமருந்து. ஸ்டோனர் துப்பாக்கியை உருவாக்கியபோது பயன்படுத்திய தோட்டாவில் டூபான்ட் நிறுவனத்தின் ஒரு வகை மருந்து இருந்தது. குண்டு விநாடிக்கு 3,250 அடி, அதாவது சுமார் 990 மீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்று ராணுவம் விதித்தது. அறையின் அழுத்தத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. பழைய மருந்தைக் கொண்டு பெருமளவுத் தயாரிப்பில் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுவது கடினமானது. எனவே 1964இல் ஓலின் நிறுவனத்தின் உருண்டை வடிவ மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் வேகமும் சரி, அறை அழுத்தமும் சரி. தோட்டா தேர்வில் தேறிவிட்டது.

ஆனால் துப்பாக்கி அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

இதைப் புரிந்துகொள்ளப் பேரங்காடியில் தள்ளுவண்டி தள்ளும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தொடக்கத்தில் பலமாகத் தள்ளிவிட்டுப் பிறகு விசையைக் குறைக்கிறார். மற்றவர் தொடக்கத்தில் சற்றுக் குறைவாகத் தள்ளினாலும் கடைசி வரை விடாமல் தள்ளுகிறார். இரண்டு வண்டிகளும் முடிவில் ஒரே வேகத்தில் போகலாம். இறுதி வேகத்தை மட்டும் அளந்தால் இருவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் நடுவழியில் நின்று அந்தந்த நேரத்துத் தள்ளுவிசையை அளந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

துப்பாக்கியின் வாயுத் துளை அந்த நடுவழியில்தான் இருக்கிறது. புதிய மருந்தின் அழுத்தம் மெதுவாகக் குறைந்ததால், குண்டு துளையைத் தாண்டும் நேரத்தில் அங்கே முன்பைவிட அதிக அழுத்தம் இருந்தது. போல்ட் கூடுதல் வேகத்தோடு, முன்கூட்டியே, பின்னே இழுபட்டது. நிமிடத்துக்கு அதிகபட்சம் 850 என்று வரம்பு வைத்திருந்த வேகம் 1,000ஐ எட்டியது. ஒரு சுற்றுக்கான நேரம் 70 மில்லிவிநாடியிலிருந்து 60 மில்லிவிநாடியாகக் குறைந்தது. வெறும் 10 மில்லிவிநாடி வேறுபாடு. ஆனால் பித்தளை உறை இன்னும் சுவரை இறுகப் பற்றியிருக்கும்போதே கொக்கி அதை இழுக்கத் தொடங்க அது போதும்.

இரண்டாவது நிபந்தனைக்கு வருவோம். வெப்பமண்டல ஈரத்தில் எஃகு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்று சிங்கப்பூரில் வாழும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துருப்பிடித்த பரப்பில் நுண்ணிய குழிகள் விழும். உப்பிய பித்தளை அந்தக் குழிகளுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்க அறைக்குக் குரோமியம் பூசலாம். எம்16க்கு முன்னால் பயன்பாட்டில் இருந்த எம்14இன் அறைக்குக் குரோமியப் பூச்சு இருந்தது. தொடக்ககால எம்16க்கு அது இல்லை.

மூன்றாவதாக ஒரு வேதியியல் செய்தி. உருண்டை மருந்தில் எஞ்சியிருக்கும் அமிலத்தை நடுநிலையாக்கக் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்பட்டிருந்தது. நீங்கள் வகுப்பில் அமிலத்தோடு சேர்த்து நுரைக்கவைக்கும் அதே பொருள்தான். மருந்தைக் கெடாமல் வைத்திருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் மிச்சம் மெல்லிய வாயுக் குழாயில் படிந்தது. பின்னர் அதன் அளவைக் குறைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், எந்தப் பாகம் கெட்டது? துப்பாக்கி தன் பழைய மருந்தோடு நன்றாக ஓடியது. புதிய மருந்து தனக்கு வைத்த தேர்வில் தேறியது. கால்சியம் கார்பனேட் தன் வேலையைச் செய்தது. பழுது எந்தப் பாகத்துக்குள்ளும் இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தைத்தான் யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. புதிய மருந்தைப் பயன்படுத்தினால் வேகம் வரம்பை மீறுகிறது என்பது தொழிற்சாலைக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் துப்பாக்கிகளை ஏற்றுக்கொள்ளும் சோதனையில் பழைய மருந்துள்ள தோட்டாவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தரப்பட்டது. சோதனைக் கூடத்தில் ஒரு தோட்டா, போர்க்களத்தில் வேறொரு தோட்டா. மருந்து மாற்றத்தைப் பற்றித் தன்னிடம் கேட்டபோது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று ஸ்டோனர் பின்னாளில் விசாரணையில் கூறினார்.

அறிகுறி ஒன்று, காரணம் வேறொன்று

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு சிறிய பொத்தானைப் பற்றியது. தோட்டா அறைக்குள் முழுமையாகப் போகாவிட்டால் கையால் அழுத்தி உள்ளே தள்ள ஒரு பொத்தான் வேண்டும் என்று தரைப்படை வற்புறுத்தியது. விமானப்படையும் ஸ்டோனரும் அது தேவையில்லை என்றார்கள். தரைப்படைக்கான துப்பாக்கியில் பொத்தான் சேர்க்கப்பட்டது.

வியட்னாமில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். புதிய தோட்டா அறைக்குள் போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி. ஆனால் அந்தப் புதிய தோட்டாவில் எந்தக் குறையும் இல்லை. முன்னால் போனது வெளியே வராததுதான் சிக்கல். வெளியே இழுக்க வேண்டிய ஒன்றுக்கு, உள்ளே தள்ளும் பொத்தானால் என்ன பயன்? ‘தோட்டா சிக்குகிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘காலி உறை வெளிவரவில்லை’ என்று துல்லியமாகச் சொன்னால்தான் தேடல் சரியான திசையில் போகும்.

நம் ஊரிலேயே இதற்கு இணையான கதை ஒன்று நடந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் சமிக்ஞைத் தொடர்பை இழந்து திடீர் திடீரென்று நின்றன. நின்ற ரயில்களை எவ்வளவு ஆராய்ந்தாலும் காரணம் பிடிபடவில்லை. பிறகு தரவு அறிவியலாளர்கள், ஒவ்வொரு சம்பவமும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தத் திசையில் நடந்தது என்று வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் கண்டபடி சிதறியிருக்கவில்லை. ஏதோ ஒன்று பாதை நெடுகிலும் நகர்ந்துகொண்டே, எதிரில் வரும் ரயில்களை ஒவ்வொன்றாகப் பாதிப்பதுபோல் அமைந்தன. கடைசியில் பிவி46 என்ற ஒரே ஒரு ரயில் பிடிபட்டது. அதன் பழுதான சமிக்ஞைக் கருவிதான் அருகில் வந்த மற்ற ரயில்களைத் தடுமாற வைத்தது.

நின்ற ரயிலில் பழுது இல்லை, பழுதுள்ள ரயில் நிற்கவில்லை. உள்ளே போகாத தோட்டாவில் குறை இல்லை, குறை வெளியே வராத உறையில். இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான்: பழுதைக் காட்டும் இடமும் பழுது இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எது சரிசெய்தது?

1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று, ரிச்சர்ட் இகோர்ட் என்ற உறுப்பினரின் தலைமையில் விசாரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த அறிக்கை மருந்து மாற்றத்தை முக்கியக் காரணமாகச் சுட்டியது. குறை தெரிந்த பிறகும் சரிசெய்யாமல் இருந்தது குற்றச்செயலுக்கு அருகில் வரும் அலட்சியம் என்று அதிகாரிகளைக் கண்டித்தது.

தீர்வும் ஒன்றாக இருக்கவில்லை. அறைக்குக் குரோமியம் பூசினார்கள். போல்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்த, பின்னால் உள்ள தாங்கியின் எடையைக் கூட்டினார்கள். துடைக்கும் கருவிகள் வந்து சேர்ந்தன. பராமரிப்பு முறையை விளக்க, புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னரின் கைவண்ணத்தில் ஒரு படக்கதைக் கையேடே அச்சிட்டு வழங்கினார்கள். வீரர்களைத் திட்டுவதால் நடக்காத மாற்றம், கருவியும் பயிற்சியும் கொடுத்ததால் நடந்தது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் சிங்கப்பூரில் தொடர்கிறது. 1967இல் தொடங்கப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் முதலில் 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்களைத் தயாரித்தது. பின்னர் உரிமம் பெற்று எம்16எஸ்1 என்ற பெயரில் துப்பாக்கியையும் இங்கேயே தயாரித்தது. 1999இல் சார்21 அறிமுகமாகும் வரை, தேசிய சேவையாற்றிய தலைமுறைகளின் கையில் இருந்தது அதுதான். உங்கள் தந்தையோ மாமாவோ சுமந்திருக்கலாம். துப்பாக்கி சிக்கினால் உடனே வரிசையாகச் செய்ய வேண்டியவற்றை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர்கள் சொல்வார்கள். இங்கேயும் அதே ஈரம், அதே மழை, அதே சேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளும் அதே போன்றவர்கள்தான். சிக்கலே வராத இயந்திரம் உலகில் இல்லை. ஆனால் வரும் என்று எதிர்பார்த்துப் பயிற்சியும் கருவியும் கொடுத்தால், அதே இயந்திரத்தை நம்பி வாழ முடிகிறது.

உங்கள் ஆய்வுக்கூடத்தில்

இனி உங்கள் ஏட்டுக்கு வருவோம். பழுது தேடுவதற்கு நான் பரிந்துரைக்கும் ஐந்து படிகள் இவை.

முதலாவது, என்ன நடந்தது என்று துல்லியமாக எழுதுங்கள். ‘விளக்கு எரியவில்லை’ என்பதைவிட, ‘சுவிட்சை அழுத்திய கணம் மினுக்கிவிட்டு அணைந்தது’ என்பது பாதி விடை.

இரண்டாவது, கடைசியாகச் சரியாக இயங்கியதற்குப் பிறகு எது மாறியது என்று பட்டியலிடுங்கள். ‘அதனால் ஒன்றும் ஆகாது’ என்று தோன்றும் மாற்றத்தையும் சேர்த்து எழுதுங்கள். வெடிமருந்து மாற்றமும் சிலருக்கு அப்படித்தான் தோன்றியது.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மின்கலம், கம்பி, விளக்கு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் விளக்கு எரியலாம், ஆனால் நீங்கள் ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள்.

நான்காவது, உண்மையில் பயன்படப்போகும் நிலையிலேயே சோதியுங்கள். குளிரூட்டப்பட்ட அறையில் ஓடிய ரோபோ, போட்டி நாளன்று விளையாட்டுத் திடலில் ஓடும் என்று யார் உறுதி சொன்னது?

ஐந்தாவது, ஆளைக் குறை சொல்லும்போது அதற்கும் ஒரு காரணம் கேளுங்கள். ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். நிறுத்துக்கடிகாரத்தை அழுத்துவதில் நமக்கு 0.2 விநாடி அளவில் தாமதம் ஏற்படலாம். 50 சென்டிமீட்டர் ஊசலின் ஓர் அலைவுக்குச் சுமார் 1.4 விநாடி ஆகும். ஒரே அலைவை அளந்தால் பிழை ஏறக்குறைய 14 விழுக்காடு. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே பிழை 0.7 விழுக்காடாகச் சுருங்கிவிடும். கை அதே கைதான், மாறியது அளக்கும் முறை. ‘மனிதத் தவறு’ என்று எழுதியிருந்தால் இந்தத் தீர்வு உங்களுக்குத் தோன்றியிருக்காது. ‘கைத்தாமதம் 0.2 விநாடி’ என்று எழுதியதால் தோன்றுகிறது.

‘அப்படியானால் யாருக்கும் பொறுப்பே இல்லையா?’ என்று சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. துப்பாக்கியைத் துடைக்கும் கருவி கையில் இருந்தும் துடைக்காதவர் பொறுப்பாளிதான். ஆனால் கருவி வழங்காதவருக்கும், சோதனையில் ஒரு தோட்டாவையும் களத்தில் வேறொரு தோட்டாவையும் அனுமதித்தவருக்கும் பொறுப்பு உண்டு. பொறுப்பை இல்லாமல் ஆக்கச் சொல்லவில்லை, அதைச் சரியான இடங்களில் வைக்கச் சொல்கிறேன்.

ஏனென்றால் பழி எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது. இயந்திரத்தைக் கடைசியாகத் தொட்டவர் மீதுதான் முதல் விரல் நீளும். படைவீரர், தாதி, ஓட்டுநர், தொழில்நுட்பர், மாணவர் ஆகியோர் எல்லாருடைய பார்வையிலும் இருப்பவர்கள். மருந்தை மாற்றிக் கையொப்பமிட்டவர் தொலைவில், ஓர் அலுவலகத்தில் இருந்தார். அவர் கையில் துப்பாக்கி சிக்கவில்லை.

உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள், சிலர் மேலதிகாரி ஆவீர்கள். உங்களிடம் ஒரு பழுது வரும். அதோடு ‘இயக்கியவர் தவறு’ என்று ஏற்கெனவே எழுதிய ஒரு தாளும் வரும். அதைக் கையொப்பமிடுவதற்கு முன், எது மாறியது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பழக்கத்தை இந்த வாரச் செய்முறை அறிக்கையிலேயே தொடங்கலாம்.